ஐஸில் கிடந்த கை

தைராய்டு மாத்திரையின் அளவை மாற்றும்போதெல்லாம் பிலோமினா டீச்சருக்கு உடம்பு அடித்துப் போட்டதுபோல் வலிக்கும், குளிரெடுக்கும். தெர்மாமீட்டர் மட்டும் காய்ச்சலே இல்லையென்று சாதிக்கும். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். தன் சூடு தன் கைக்குத் தெரியாது. தனியாக இருக்கிற வீட்டில் வேறு கை ஏது? அன்று வாசலுக்கு மீன் கொண்டுவந்த செல்வராணியிடம், "கொஞ்சம் தொட்டுப் பாரேன்" என்று குனிந்தாள். செல்வராணி சேலையில் கையைத் துடைத்துவிட்டு நெற்றியில் வைத்தாள்.

"நல்லா சுடுதே டீச்சர்!" என்றவள் உடனே சிரித்துவிட்டாள். "காலைலேருந்து ஐஸுக்குள்ளயே கெடந்த கை. இதுக்கு யாரத் தொட்டாலும் சுடத்தான் செய்யும்."

கையை எடுக்கப் போனாள். பிலோமினா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"கை சூடாகுற வரைக்கும் அப்படியே வெச்சிரு."