ஐந்தாவது சட்டம்

"நூத்தி இருவது பேர் மவுத்து," என்றாள் ஷிஹாரா, அறைக் கதவைச் சாத்திக்கொண்டே.

போர்வைக்குள் இருந்த அகீல் பாதி எழும்பினான். "யா அல்லாஹ்! யாரு செஞ்ச?"

"அத நீங்கதான் செல்லணும். நாப்பது வருஷமா ஒரு உசிரக்கூட எடுக்காத ஆக்கள் நாங்க. இண்டைக்கு உப்பளத்து ஊரையே புடிச்சி, நம்மட கொடிய ஏத்தி ஈக்கி."

அவன் ஒரே பாய்ச்சலில் கூடத்துக்கு ஓடினான். சாப்பாட்டு மேசையில் லெப்டொப் திறந்து கிடந்தது. திரையில், அவர்களுடைய சாதுவான குட்டி ராஜ்யத்தின் யானைப்படை எல்லை தாண்டி நின்றது.

அது கம்பியூட்டர் விளையாட்டில் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து ஆளுகிற ராஜ்யம். வேலை நாட்களில் புறக்கோட்டைத் துணிக்கடைக்குப் போகுமுன் அவன் பத்து முறை படை நகர்த்துவான். பின்னேரம் வந்து அவள் பத்து முறை. சும்மா விளையாடி ஆறு தரம் உலகத்தையே பிடித்துச் சலித்துப்போனதால், இந்தத் தரம் தங்களுடைய கையைத் தாங்களே கட்டிப்போட்டுக்கொண்டார்கள்.

கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஷிஹாராவின் கையெழுத்தில் சட்டங்கள் இருந்தன. யார் அடித்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது. கொடுத்த வாக்கை மாற்றக் கூடாது. தலைநகரைச் சுற்றி மதில் கட்டக் கூடாது. பக்கத்து ராஜா என்ன செய்தாலும் அவனுக்கு முத்து அனுப்ப வேண்டும்.

ஐந்தாவதுதான் பொல்லாத சட்டம்: 'இதில் ஒன்றை யார் மீறினாலும், வெள்ளவத்தை வீட்டுக் கதையை அவரே உம்மாவிடம் சொல்ல வேண்டும்.'

ஷிஹாரா வேலை செய்யும் பார்மசிக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி அந்த வீடு வாடகைக்குக் கிடைத்திருந்தது. கொட்டாஞ்சேனையில் இருந்து தினமும் இரண்டு பஸ் மாறி அவள் களைத்துப்போயிருந்தாள். இந்த வீட்டு மேல்மாடியில் அகீலின் அக்கா குடும்பமாய் இருந்ததால் அவனுடைய உம்மா ஜவாஹிறா தனித்துப்போகவும் மாட்டார். ஆனால், மருமகள் மகனைப் பிரித்துக்கொண்டு போகிறாள் என்று அவர் நினைத்துவிட்டால்? அந்தப் பயத்தில் மூன்று கிழமையாக இருவரும் போரும் செய்யவில்லை, வாயும் திறக்கவில்லை.

"ஒங்கட வேலதான்," என்றாள் ஷிஹாரா. "நேத்து பக்கத்து ராஜா நம்மட ஒட்டகத்தப் புடிச்ச நேரம் நீங்க பல்லக் கடிச்சீங்க."

"பல்லத்தானே கடிச்சன், அவனையா கடிச்சன்? இங்க பாருங்க, கடைசியா ஆடின நேரம் ஆறு நாப்பது. போயா லீவு நாளையில நான் ஆறு நாப்பதுக்கு எழும்புவனா?"

"எழும்பல்லதான். அந்த நேரம் ஒங்கட கொறட்ட நல்லாக் கேட்டிச்சி."

"ஆ! கேட்டிச்சி எண்டா நீங்கதான் முழிப்பு!"

"அந்தக் கொறட்டக்கி மவுத்தாப் போன மய்யித்தும் முழிக்கும்."

லெப்டொப்புக்குப் பக்கத்தில் பாதி குடித்த பிளேன் டீ ஆறிக் கிடந்தது. ஷிஹாரா அதைத் தள்ளி வைத்துவிட்டு, "வல்லாஹி, நான் தொடல்ல," என்றாள். "வல்லாஹி, நானும்தான்," என்றான் அவன்.

போன் அடித்தது. வெள்ளவத்தை வீட்டுக்காரி, நாகமணி.

"ஓமோ இல்லையோ, ஒண்டைச் சொல்லுங்கோ பிள்ளை. வீடு பாக்க இன்னொரு குடும்பம் வந்து ஹோலுக்குள்ள இருக்கினம்."

"பத்து நிமிஷம் தாங்க, அன்டி," என்று கெஞ்சிவிட்டுப் போனை வைத்தாள் ஷிஹாரா. குசினியில் இருந்து தேங்காய் துருவும் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"நான் மீறினதாவே ஈக்கட்டும்," என்றான் அகீல். "என்ட உம்மாதானே."

"வேணாம். நீங்க சென்னா, நான் செல்லித்தந்து சென்னதா நெனப்பாங்க. நான் போறன்."

இருவரும் ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்து, குசினி வாசலில் தோளோடு தோள் இறுகி நின்றார்கள்.

"உம்மா, நான்தான்..."

"மாமி, நான்தான்..."

ஜவாஹிறா திருவலையில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெண்டு பேரும் பொய். அந்த ராஜா ஒவ்வொரு நாளும் ஒரு ஒட்டகத்தப் புடிக்கிறான், நீங்க அவனுக்கு முத்துக் கட்டி அனுப்புறீங்க. மூணு கெழமயாப் பாத்துக்கிட்டுத்தான் ஈந்தன். இண்டைக்கி சுபஹுத் தொழுதிட்டு வந்து பாத்தா, இன்னொண்டையும் கொண்டு போக நிக்கிறான். பொறுக்க ஏலாமப் போச்சி."

அகீல் வாசலைவிட்டு உள்ளே வந்தான். "உம்மா... யானைப்படைய ஓட்ட ஒங்களுக்கு யாரு பழக்கின?"

"ஒங்கட வாப்பாட கடைய பதினஞ்சு வருஷம் ஓட்டினவ நான். யானை என்ன யானை!"

அவன் சிரித்தே விட்டான். ஷிஹாராவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒட்டகக் கணக்கு வரைக்கும் தெரிந்தவருக்கு, லெப்டொப்புக்கு அடியில் கிடந்த தாள் மட்டுமா கண்ணில் படாமல் போயிருக்கும்?

"மாமி," என்றாள் மெதுவாக. "அந்தத் தாள்ல... அஞ்சாவது சட்டம்..."

"வாசிச்சன்." ஜவாஹிறா தேங்காய்ப்பூத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "மீறினவதானே உம்மாக்கிட்ட செல்லணும்?"

இருவரும் தலையை ஆட்டினார்கள்.

"எனக்கு நானே செல்லிக்கிட்டன். மகள், வெள்ளவத்தை வீட்டுச் சாவி எப்ப எடுக்கிற?"