கடைசிப் பக்கத்துப் புள்ளி

“மூர்த்தி அண்ணை, அம்பது வயசாச்சு, இன்னும் காதல் கதையோ?”

லொங்குய்ய் போகும் மெற்றோ ரயிலில் எதிரே இருந்த கிறிஸ்தோப்பர் கேட்டான். பேக்கரியில் உருத்திரமூர்த்தியோடு ஒன்றாக வேலை செய்பவன்.

மூர்த்தி கையிலிருந்த புத்தகத்தின் அட்டையை மறைக்கவில்லை. எட்டு மணித்தியாலம் நின்றே வேலை செய்தவருக்கு வெட்கப்படவும் தெம்பில்லை.

உண்மையில் காதல் கதை அவருக்கு வேப்பங்காய். துப்பறியும் கதை என்றால் உயிர். பூட்டிய அறை, காணாமற்போன சாவி, எதற்கும் திருதிருவென்று முழிக்கும் மைத்துனன். அதையெல்லாம் தொட்டு மூன்று வருடமாகிவிட்டது.

நூலகத்தில் தமிழுக்கு இரண்டு தட்டுத்தான். காதல் கதைகளின் அட்டைகளோ எல்லாம் ஒரே முகம். எடுத்ததையே மறுபடி எடுத்துத் தொலைக்காமலிருக்க, வாசித்து முடித்ததும் கடைசிப் பக்க மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார்.

பிறகுதான் புத்தகம், காதல் கதை மட்டுமே வாசிக்கும் மனைவி செல்வமலரின் கைக்குப் போகும். அவளுக்கு முன் அவர் வாசித்தாக வேண்டும். ஏனென்று அவளிடம்கூடச் சொன்னதில்லை.

போன கிழமை மட்டும் பிசகிவிட்டது. ஓவர்டைம். முப்பது பக்கம் மிச்சமிருக்க நித்திரையாகிவிட்டார். காதல் கதைதானே, கலியாணத்தில் முடியாமல் வேறெங்கே போகப்போகிறது என்று அப்படியே கொடுத்துவிட்டார்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது செல்வமலர் குசினியில் சாப்பாட்டு மேசையருகே இருந்தாள். முன்னால் அந்தப் புத்தகம். கண்கள் சிவந்திருந்தன.

“கடைசியில அந்தப் பெடியன் செத்துப்போறான். ஒன்பது வயசு.”

மூர்த்தி மேசையருகே போனார். அவர்களின் மகன் மிதுசன் இறந்தபோது அவனுக்கும் ஒன்பதுதான். அவன் போனபின், எந்தக் கதையிலாவது ஒரு பிள்ளை செத்தால் அவள் நாட்கணக்கில் சாப்பிடமாட்டாள். அதற்குப் பயந்துதான் இத்தனை காதல் கதைகளையும் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். பிள்ளை சாகும் புத்தகம் ஒன்றும் இந்த வாசலைத் தாண்டியதில்லை. இன்றைக்குத் தாண்டிவிட்டது. தன்மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது.

“ஐயோ மலர், நித்திரையாப் போனன். கடைசிப் பக்கங்களை நான் பாக்கேல்லையப்பா.”

“தெரியும். புள்ளி இல்லை.”

மூர்த்திக்கு இப்போது விளங்கியது. மூன்று வருடமாக எந்தப் புத்தகத்தையும் அவள் கடைசிப் பக்கத்தில் புள்ளியைத் தேடித்தான் திறந்திருக்கிறாள்.

“புள்ளி இல்லையெண்டு பாத்திட்டுத்தான் வாசிக்கத் தொடங்கினனான்,” என்றாள். “இனி நீங்கள் உங்கட கொலைக் கதையளை எடுங்கோ.”

அவர் கதிரையை இழுத்து அமர்ந்தார். மகனை நினைத்து அழுகை வந்தது. களைப்பும் கூடவே வந்தது.

அப்போதுதான் புத்தகத்துக்குப் பக்கத்தில் அவள் சாப்பிட்டு முடித்த கோப்பையைக் கண்டார். அதன் விளிம்பில் இரண்டு சோற்றுப் பருக்கைகள் மட்டும் ஒட்டியிருந்தன.