சுண்ணாம்புக் கோடு

"ஏம்மா, உனக்கு மூளை கீளை இருக்கா? குழாயில தண்ணி வந்து ஒம்பது நாளாச்சு. ஒரு லோடு தண்ணியக் கொண்டாந்து வெறுந்தெருவுல ஊத்தப் போறேங்கிற!"

இடுப்பில் குடத்தோடு டேங்கர் லாரிக்குக் குறுக்கே நின்றுவிட்டாள் ராமுத்தாய். அவள் மறித்தால் கிணத்தடித் தெருவில் தேரே நின்றுதான் போகும். லாரி எம்மாத்திரம்?

லாரிக்குப் பக்கத்தில் நின்ற பிரிஸ்கில்லாவுக்கு முப்பது வயசு இருக்கும். கையில் வரைபடம், காலில் செம்மண் அப்பிய செருப்பு. தெருக்கோடியில் குப்பை கொட்டிக் கிடந்த காலி இடத்தில் சிறுவர் பூங்கா வரப்போகிறது. அதை வடிவமைக்க வந்தவள் இவள்தான்.

"அம்மா, இது உப்புத் தண்ணி. குடிக்க ஆகாது. மழை பெஞ்சா இந்தத் தெருத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கணும். அதுக்குத்தான்."

"உப்புத் தண்ணியா? யாருகிட்ட விடுற கதை?"

லாரியின் பின்குழாயில் கசிந்ததை உள்ளங்கையில் ஏந்தி வாயில் வைத்தாள் ராமுத்தாய். "தூ!" என்று துப்பினாள். ஆனாலும் விட்டுக்கொடுப்பாளா?

"ஏன், பாத்திரம் வெளக்க ஆகாதா? துணி அலச ஆகாதா?"

"ஆகும்மா. பாதி லாரியை எல்லாரும் பிடிச்சுக்கங்க. பாதி எனக்கு விடுங்க."

"மழை பெஞ்சா எங்கிட்டுப் போகும்? எதுத்த வீட்டு ஜெய்தூன் பீவி வீட்டுக்குள்ள போகும். இதுக்கு ஒரு லாரி வேணுமாக்கும்? அவ வீடு பள்ளத்துல கெடக்கு. மூணு வருசமா வாளியத் தூக்கிட்டு ஓடி, தண்ணி எறைச்சு விடுறவ நான். என்னையக் கேட்டா சொல்லிருப்பேன்ல?"

அது பொய்யில்லை. மழை பிடித்தால் ராமுத்தாய் தன் வீட்டுக் கொடியில் காயும் துணியைக்கூட எடுக்க மாட்டாள். நேரே ஜெய்தூன் வீட்டுக்குத்தான் ஓடுவாள். முழங்கால் தண்ணீரில் நின்று விடிய விடிய இறைத்ததும் உண்டு. ஜெய்தூன் வீட்டு பீரோவுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்திக் கொடுத்ததும் அவள்தான்.

"அந்தத் தண்ணியத்தாம்மா பூங்காவுக்குக் கொண்டுபோகப் பாக்குறேன்" என்றாள் பிரிஸ்கில்லா. "மண்ணைக் கொட்டி மேடாக்காம, தெருவ விட ரெண்டடி பள்ளமா வெட்டப் போறோம். மழைத்தண்ணி அம்புட்டும் அதுல எறங்கி, பக்கத்துக் கெணத்துக்குப் போயிரும். மறுநாள் பிள்ளைங்க அதுலயே விளையாடலாம். ஆனா தண்ணி அங்க வந்து சேரணும்ல? நடுவுல எது மறிக்குதுன்னு தெரியாம வெட்டினா எல்லாம் வீண்."

"என்னமோ பண்ணு, போ" என்று குடத்தை இறக்கினாள் ராமுத்தாய்.

டிரைவர் அழகுராஜா தெரு மேட்டில் லாரியை நிறுத்திக் குழாயைத் திறந்துவிட்டான். பெண்களெல்லாம் அங்கேயே குடத்தோடு வரிசை கட்டினார்கள். தெருவில் தண்ணீர் ஓட, அதோடு பிரிஸ்கில்லாவும் ஓடினாள். குனிந்து, குத்தவைத்து, மறுபடி எழுந்து, தண்ணீர் போன தடத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டே போனாள். சுடிதாரெல்லாம் சகதி.

குத்தம் கண்டுபிடிக்கத்தான் பின்னாலேயே போனாள் ராமுத்தாய். ஆனால், 'படிச்ச பொண்ணு, தெருப்புழுதியில உக்காந்து என்னா பாடு படுது!' என்று அவளுக்கே தோன்றியது.

தெருவின் இடது ஓரமாக, முதல் வீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு தாண்டி, பூங்கா இருக்கும் திசையில்தான் தண்ணீர் ஒழுங்காகப் போனது. நாலாவது வீடு ராமுத்தாயுடையது.

அங்கே நின்றது.

மகள் தீபா கல்யாணத்துக்காக, தெருவுக்குள் இரண்டடி இழுத்துக் கட்டிய கிரானைட் படியில் முட்டி நின்றது. தேங்கியது. அப்புறம் அப்படியே திரும்பி, தெருவைக் கடந்து, ஜெய்தூன் வீட்டு வாசலுக்குள் நுழைந்தது.

தீபாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருசம். அதற்கு முன்னால் ஜெய்தூன் வீட்டுக்குள் ஒரு சொட்டு மழைத்தண்ணி போனதாக ராமுத்தாய்க்கு ஞாபகமே இல்லை.

பிரிஸ்கில்லா கோட்டைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். ராமுத்தாயையும் பார்த்தாள்.

"யா அல்லா! வெயில் காலத்துலயுமா?" என்று சாக்கோடு ஓடி வந்தாள் ஜெய்தூன் பீவி. அவள் சத்தத்தில் தெருவே திரண்டு வந்தது. "ஏம்மா, எதனால எம் வீட்டுக்கு மட்டும் வருது? கண்டுபிடிச்சிட்டியா?"

பிரிஸ்கில்லா படியோரம் தள்ளி நின்று, கோடு வளைந்த இடத்தைச் செருப்புக் காலால் தேய்த்து அழித்தாள்.

"ரோட்டோட சரிவு சரியில்லம்மா. யார் மேலயும் தப்பில்ல. அடியில குழாய் பதிச்சு நானே சரி பண்ணித் தாரேன்."

"நல்லாருப்ப தாயி!" ஜெய்தூன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த ராமுத்தாயி அக்கா மட்டும் இல்லேன்னா நாங்க மெதந்துருப்போம். கூடப் பொறந்தவகூட இம்புட்டுச் செய்ய மாட்டா."

ராமுத்தாய் சுண்ணாம்பு ஒட்டியிருந்த அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து இந்தப் பிள்ளையை என்னென்ன பேசிவிட்டோம்! இவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தெரு முழுக்க என் மானம் போயிருக்குமே! கண் கலங்கியது. விருட்டென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

"கோவமாப் போறாக போல" என்றான் அழகுராஜா.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் கடப்பாரையோடு திரும்பி வந்தாள் ராமுத்தாய். முதல் குத்திலேயே கிரானைட் கல் பிளந்தது.

"அக்கா! என்ன காரியம் பண்ற? தீபா கல்யாணத்துக்கு ஆசையாக் கட்டுன படி!" பதறிப்போய்க் கையைப் பிடித்தாள் ஜெய்தூன் பீவி.

"செத்த தள்ளி நில்லு ஜெய்தூனு. மூணு வருசமா உன் வீட்டுல தண்ணி எறைச்சவ மட்டுமில்ல, அந்தத் தண்ணிய அனுப்பி வச்சவளும் நான்தேன்!"