இடிகொம்பனின் ஆடி ஏழு

ஆடி ஏழு வந்தாலே கோட்டைப் பீரங்கி இடிகொம்பனைக் கையில் பிடிக்க முடியாது. அந்த நாளில்தான் அது குதிரைப்படையைச் சிதறடித்தது. பல வருஷம் கழித்து அதே நாளில் ஒரு முற்றுகையை உடைத்தது. இன்னொரு ஆடி ஏழில் எதிரித் தளபதியின் கூடாரத்தையே பறக்கவிட்டது. அதனால் ஆண்டுதோறும் அன்றைக்குச் சந்தனம் பூசி, வெடிமருந்து கெட்டித்து, ஒரு வெடி போடுவது கோட்டை வழக்கம்.

“ஒரே தேதியில் மூன்று தடவை ஜெயித்தவன் வேறு எவன் இருக்கிறான்?” என்று அது மார்தட்டிக்கொண்டிருந்தபோது, குழலுக்குள்ளிருந்து ஓர் அணில் தலையை நீட்டியது.

“அண்ணே, உள்ளே என் பிள்ளைங்க இருக்கு. இன்னும் கண்ணே திறக்கலை.”

மருந்துப் பையோடு ஆட்கள் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். வெடிக்காத பீரங்கியை உருக்கிவிடுவார்கள் என்பது இடிகொம்பனுக்குத் தெரியும்.

“இவ்வளவுதானே? கெட்டியாப் பிடிச்சுக்கச் சொல்லு,” என்றது.

உளுத்த சக்கரத்தின் மேல் தன் முழுக் கனத்தையும் இறக்கியது. சக்கரம் முறிந்தது. பீரங்கி சரிந்து மதில்சுவரில் வாயைப் பதித்துக்கொண்டது; அணில் நுழையும் இடுக்குதான் மிச்சம். ஆட்கள் நெம்பிப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்கள். உருக்கலாம் என்றாலும் தூக்க ஆளில்லை.

அடுத்த ஆடி ஏழில் சந்தனமும் வரவில்லை, வெடியும் இல்லை. சுவரைப் பார்த்தபடியே இடிகொம்பன் தன் மூன்று வெற்றிகளையும் பழைய மிடுக்கோடு சொல்லி முடித்தது.

முதுகில் உட்கார்ந்திருந்த இளைய அணில் கேட்டது: “நாலாவதை விட்டுட்டீங்களே, மாமா?”

“நாலாவதா? அன்னைக்கு நான் வெடிக்கவே இல்லையே.”

“எங்க வீட்ல ஆடி ஏழுன்னா அது ஒண்ணுதான், மாமா.”