மேசைக்கு அடியில்

'செருப்பை வெளியே விடவும்' என்ற பலகைக்குப் பணிந்து, பேச்சியம்மாள் ஆறு வருடம் வெறுங்காலோடுதான் அந்தச் சுகர் டாக்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து மாத்திரை எழுதுவார். "காலு மரத்துக் கெடக்குதுய்யா" என்றால், "வயசானா அப்படித்தாம்மா" என்பார், நிமிராமல். உள்ளங்காலில் வந்த புண் அவளுக்கு வலிக்கவேயில்லை. இடது காலை வேறொரு ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள்.

இப்போதும் செவ்வாய்தோறும் முதல் ஆளாக வந்துவிடுகிறாள். ஒற்றைச் செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கதவோரம் உட்கார்ந்து, உள்ளே போகும் வயசாளிகள் எல்லோரிடமும் சொல்கிறாள்: "போனதும் காலத் தூக்கி அவரு மேச மேல வைங்க. அவரு குனிஞ்சு வெரலிடுக்கு வரைக்கும் பாக்காம எறக்காதீங்க."

வைக்கிறார்கள். அவரும் பார்க்கிறார். போன வாரம் ஒருவர் குதிகாலில் இரும்பு ஆணி ஏறியிருந்தது, அவருக்கே தெரியாது.

கடைசி ஆளாக அவள் போகிறாள். வெட்டிய காலை, அவர் எழுதிக்கொண்டிருக்கும் சீட்டின் மேலேயே வைக்கிறாள்.

"இதுல பாக்க என்னம்மா இருக்கு? எடுங்க."

"ஆறு வருசம் மேசைக்கு அடியில கெடந்துச்சுல்லா? இன்னும் ஆறு வருசம் மேல கெடக்கட்டும்."