முன் சீட்டு

"யோவ் பாய், இது காரா, இட்லிக் குண்டானா? என் காலு வேகுதுய்யா!"

முன் சீட்டில் இருந்த லோகநாதன் பட்டு வேட்டியை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு கத்தினார்.

ஓட்டிக்கொண்டிருந்த பக்கீர் முகமது சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கல்யாணத்துக்கும் சினிமா ஷூட்டிங்குக்கும் வாடகைக்கு விடுகிற ஐம்பத்து நாலாம் வருஷத்துத் திறந்த கார் அவருடையது.

"இன்னா சார் பண்றது? வண்டி ஓடுனாத்தான் காத்து அடிச்சு ரேடியேட்டர் ஆறும். மேளத்துக்குப் பின்னால இப்டி நடந்துகினே இருந்தா இன்ஜின் சூடு எங்க போவும்?"

"அப்ப நாதஸ்வரக்காரரை ஊதிக்கிட்டே ஓடச் சொல்லவா?"

வைகாசி ஞாயிற்றுக்கிழமை. நாலரை மணிக்கு ராகு காலம் என்பதால் மூன்றரை மணி வெயிலிலேயே தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூர் பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு கிளம்பியிருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டோரத்து மண்டபத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

லோகநாதன் மாப்பிள்ளை இளமாறனின் தாய்மாமன். அப்பா இல்லாத பையனுக்கு அத்தனையும் தான்தான் என்று அவரே அறிவித்துக்கொண்டவர். பெண் வீட்டுக் காபியைக் கழுநீர் என்றார். மாலையை ஆட்டுக்குப் போடுகிற தழை என்றார். பெண்ணின் அப்பா கேசவன் எல்லாவற்றுக்கும் கைகூப்பினார். அந்தக் கும்பிடு வளைந்த அளவைப் பார்த்துத்தான் லோகநாதன் ஒரு கணக்குப் போட்டிருந்தார்.

பின்பக்கம் திரும்பினார். அங்கே மாப்பிள்ளையோடு ஆறு வாண்டுகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

"மாறா, ஞாபகம் இருக்கில்ல? மண்டபத்து வாசல்ல நான் சொல்ற வரைக்கும் நீ காரை விட்டு எறங்கவே கூடாது. முடிச்சூர்ல கேசவன் வாங்கிப் போட்டிருக்கிற அரை கிரவுண்டு மனை உன் பேருக்குன்னு எல்லார் முன்னாலயும் சொல்லட்டும், அப்புறம் எறங்கலாம். ராகு காலம் நெருங்கறப்போ மனுஷன் எதுக்கும் தலையாட்டுவான்."

"வேணாம் மாமா. ரிடையர் ஆனதும் அங்க வீடு கட்டணும்னு இருக்கார். அவருக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

"நீ பேசாதே. மாப்பிள்ளைன்னா மாலையைப் போட்டுக்கிட்டுச் சிரிக்கணும், அவ்வளவுதான். நான் பக்கத்துல இருக்கேன்ல?"

"சரி மாமா" என்று இளமாறன் தலையைக் குனிந்துகொண்டான். உருப்படாத பயல் என்று லோகநாதன் நினைத்துக்கொண்டார்.

பாய் மறுபடி வண்டியை நிறுத்தினார். பானெட்டைத் திறந்து, நனைத்த சாக்கு ஒன்றை ரேடியேட்டர் மேல் போட்டார். 'புஸ்'ஸென்று ஆவி கிளம்பியது.

"என்னய்யா, பிரசவம் பாக்கறியா?"

"வண்டிக்கு வயசு அம்பது தாண்டிச்சு சார்."

"எனக்கு அறுபது தாண்டிடுச்சு. நான் என்ன ஆவி விட்டுக்கிட்டா நிக்கறேன்?"

பாய் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பானெட்டை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வண்டி நகர்ந்ததும் கீழேயிருந்து அனல் முன்னைவிட மோசமாக வந்தது. லோகநாதன் செருப்பைக் கழற்றினார். பிறகு காலை மடக்கிச் சீட்டின் மேல் சம்மணம் போட்டார். "தாய்மாமன் தவத்துக்கு உக்காந்துட்டாரு" என்று பின்னால் வந்த பெண்கள் சிரித்தார்கள். அப்போதும் அனல் விடவில்லை. தவத்தையும் தேடி மேலே வந்தது.

நாலு மணி. ஒரு சோடாக் கடை தெரிந்ததும் அவரால் முடியவில்லை.

"நிறுத்துய்யா! ரெண்டு நிமிஷம் காலை ஆத்திக்கறேன்."

"தாராளமா எறங்குங்க சார். அதுக்குள்ள நானும் ஒரு ரவுண்டு ஓட்டி வண்டியை ஆத்திகினு வந்துர்றேன்."

"இந்த டப்பாவா? நூறு அடி தாண்டட்டும், என் மீசையை எடுத்துடறேன்!"

அவர் பன்னீர் சோடாவை வாயில் வைத்தார். கார் மேளக்காரர்களைத் தாண்டியது. நூறு அடியையும் தாண்டியது. எங்கே நிற்கப்போகிறது, எங்கே புகையப்போகிறது என்று இளக்காரமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது மண்டபம் இருந்த திசையில் திரும்பி மறைந்தது. ஆவியும் இல்லை, புகையும் இல்லை.

சோடா பாட்டிலைக் கடைக்காரர் கையில் திணித்துவிட்டு அவர் ரோட்டுக்கு ஓடினார்.

ஊர்வலத்தால் அடைத்துக்கொண்ட ரோட்டில் எந்த ஆட்டோவும் நகரவில்லை. பட்டு வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, காரிலேயே போய்விட்ட செருப்பை நினைத்துக்கொண்டு, கொதிக்கிற தாரில் தத்தித் தத்தி அவர் மண்டபத்து வாசலை அடைந்தபோது ஆரத்தித் தண்ணீர் தரையில் காய்ந்துபோயிருந்தது. மாப்பிள்ளை மேடையில் இருந்தான். பக்கத்தில் பெண் ஜெயப்ரியா. கேசவன் ஓடி வந்து அவருக்கு நாற்காலி போட்டு, விசிறியும் கொடுத்தார். மனைப் பேச்சை எடுக்க இனி வழியில்லை. இறங்கிவிட்ட மாப்பிள்ளையை மறுபடி யார் ஏற்றுவது?

லோகநாதன் நேராக மேடையேறி மருமகன் காதில் சீறினார்.

"எல்லாம் அந்த ஓட்டை வண்டியால வந்தது! ரேடியேட்டர் இல்லாத தகரம்! அந்த பாயை நான் சும்மா விடப்போறதில்லை!"

இளமாறன் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான்.

"வண்டியைத் திட்டாதீங்க மாமா, இன்ஜினுக்கு ஒண்ணுமே இல்லை. குளிர் நாட்டுல செஞ்சதாம், ஹீட்டர் வெச்சிருக்கான். தாம்பரத்துல இதுக்கு என்ன வேலைன்னு காலைல பாய் சிரிச்சார். முன் சீட்டுல உங்க பக்கம் திருப்பி விடுங்கன்னு நான்தான் சொன்னேன்."