வெந்த விரல்

ஆராய்ச்சிக்கு எந்த இணையதளத்தை நம்பலாம் என்று சரிபார்த்து முத்திரை இடுவது ஜெசிந்தாவின் வேலை. கைரேகைக் கருவியில் அவள் கட்டைவிரலை வைத்தால் முத்திரை விழும். அதே விரலை மறுபடி வைத்தால்தான் நீங்கும்.

காய்ச்சல் மருந்து குடித்து இறந்த குழந்தைகளைப் பற்றி ஒரு டாக்டர் எழுதிவந்த தளத்துக்கு அன்று முத்திரை இட்டிருந்தாள். சாயங்காலமே மருந்து கம்பெனியின் ஆட்கள் சமையலறைக்குள் புகுந்து, அவள் கணவன் சேவியரைத் தரையில் தள்ளி மிதித்தார்கள்.

“விரலை வச்சு அதை எடுத்துருங்கக்கா, நாங்க போயிருதோம்,” என்று ஒருவன் கருவியை நீட்டினான்.

“டாக்டர் எழுதுனது அம்புட்டும் உண்மை. வீடு வீடா விசாரிச்சுட்டுத்தான் வச்சேன்.”

சேவியரின் பல் தெறித்து விழுந்தது. இன்னொரு மிதி விழுந்தால் தான் இணங்கிவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அலறினாள், எடுக்கவில்லை.

அவர்கள் அந்த விரலை இழுத்துக் கருவியில் வைத்தபோது வெந்த தோல்தான் அதில் ஒட்டியது. கருவி அவளை அடையாளம் காணவில்லை. அவளை அறைந்துவிட்டுப் போனார்கள்.

சேவியர் ரத்தத்தைத் துப்பிவிட்டு அவள் கையைப் பிடித்தான். “ரொம்ப எரியுதா?”

“எரியுதுங்க. இனிமே எதுக்கும் முத்திரை வைக்க முடியாது,” என்றாள் அழுதபடி. “வச்சதை எடுக்கவும் முடியாது.”